தேரிக்காட்டுப் பயணமும் மார்க்கமும்



பூமியில் சுற்றிப் பார்த்துச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகின்றது. நமது திருப்பூரிலோ, பொங்கலுக்குப் பனியன் கம்பெனிகள் மூடப்பட்டால் ஆண்கள் நண்பர்களோடு கிளம்பிவிடுகின்றார்கள்; பெண்கள் அடுப்படியிலேயே இருக்கின்றார்கள். இது எந்த மார்க்கம்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் காண்கின்றோம். முதல்முறை அன்னையார்தாம் முந்தினார்கள்!

அரபு நாட்டு மணலைக் காண எல்லோராலும் இயலாது. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்கின்றது. மணலில் படிந்த இரும்பு ஆக்ஸைடால் நிலமே செக்கச்செவேலென்று காணப்படும். காற்று அம்மணலை இடம்பெயர்க்கும். அதைத் தடுக்கவே வனத்துறை மரங்களை நட்டது. குடும்பத்தோடு நடந்து பாருங்கள்.

அங்கே ஓணான்களைக் கண்டதும் நம் சிறுவர்கள் கல்லெடுப்பார்கள், நன்மை கிடைக்கும் என்று! ஹதீஸில் வரும் ‘வஸக்’ என்பது பல்லி வகை. அதை ஓணான் மீது ஏற்றுவது பிழை. தென் தமிழகத்தின் விசிறித்தொண்டை ஓணான் ஒன்றுக்கு அறிவியலார் 2016-இல்தான் பெயரே சூட்டினார்கள். குஞ்சுகளை இழந்து சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்கள் நம் நபியவர்கள். பிள்ளைகளிடம் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

பஜ்ரு தொழுதவுடன் நடையைத் தொடங்குங்கள். வெயிலேறினால் மணல் சுடும். தூரம் 300 கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம். மணல் இருக்கின்றதே என்று தயம்மும் செய்துவிடாதீர்கள், வண்டியில் போதிய தண்ணீர் இருந்தால் உளூதான்.