மெலிந்தாரிடம் பேசும் முறை



நெடுநாள் பிரிந்திருந்த இருவர் சந்திக்கிறார்கள். ஒருவர் மற்றவரை ஏற இறங்கப் பார்க்கிறார். "என்ன, இப்படி இளைத்துவிட்டீர்களே!" என்கிறார். நலம் கேட்பதற்கு முன்னரே, வீட்டாரைப் பற்றி வினவுவதற்கு முன்னரே, இந்தச் சொல் வந்துவிடுகிறது. திருமணப் பந்தலிலும், பேருந்து நிலையத்திலும், கோயில் பிராகாரத்திலும், கடைத்தெருவிலும் நாள்தோறும் நாம் கேட்கும் சொல் இது. சொல்லுகிறவர் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கேட்கிறவரோ சில வேளைகளில் வீடு சென்ற பின்னும் அதை மறப்பதில்லை. இச்சிறு சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இச்சொல் தீய எண்ணத்தில் பிறந்தது அன்று. பஞ்சத்தைக் கண்ட நாடு நம்முடையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் நினைவு, பாட்டிமார் சொன்ன கதைகளின் வழியே பல தலைமுறைகளுக்கு நிலைத்து நின்றது. அக்காலத்தில் மெலிவு என்றால் பசி. பசி என்றால் சாவு. காசநோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயரே எலும்புருக்கி நோய் என்பது. உடல் உருகுவதைக் கண்டே அவர்கள் அந்நோயை அறிந்தார்கள். 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பெற்றதும், 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்ததும், பிள்ளைகளின் ஒட்டிய வயிற்றைக் கண்டு பொறாத மனங்களால் அன்றோ? ஆகவே, "இளைத்துவிட்டாயே" என்று ஒரு பாட்டி தன் பேரனைப் பார்த்துச் சொன்னால், அதற்கு "வா, வந்து சாப்பிடு" என்பதே பொருள். சொல்லுக்குப் பின்னே சோறு வந்தது. அதனால் அச்சொல் எவரையும் புண்படுத்தவில்லை.

இன்று சொல் மட்டும் நின்றுவிட்டது. அதன் பின்னே வந்த சோறு நின்றுபோயிற்று. அதனோடு சொல்லின் பொருளும் இரண்டாகப் பிளந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. மருத்துவர்கள் பலரிடம் எடையைக் குறைக்குமாறு அறிவுறுத்துகிறார்கள். எங்கள் திருவதிகைக்கு அண்மையிலுள்ள நெய்வேலி நகரியத்தில் விடியற்காலையில் சென்று பாருங்கள். வட்டத்துக்கு வட்டம், மரநிழல் சாலைகளில், ஆடவரும் பெண்டிரும் கைவீசி நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு "இளைத்துவிட்டீர்கள்" என்பது வாழ்த்து. அதே சாலையில், அதே வேளையில், நோயால் இளைத்த ஒருவரும் நடந்து வரக்கூடும். அவருக்கு அதே சொல் அடி. இருவரையும் வெளித்தோற்றத்தால் வேறுபடுத்தி அறிய நம் கண்ணுக்கு ஆற்றல் இல்லை. இதுதான் இப்பொருளின் முதற்சிக்கல்.

உடல் மெலிவதற்குக் காரணங்கள் பல. நீரிழிவு முற்றினாலும் உடல் மெலியும். தைராய்டுச் சுரப்பி மிகுதியாகச் சுரந்தாலும் மெலியும். காசநோயாலும் புற்றுநோயாலும் குடல் நோய்களாலும் மெலியும். மனச்சோர்வால் உணவு வெறுத்துப் போனாலும் மெலியும். மனைவியை இழந்தவர், மகனைப் பிரிந்தவர், வேலையை இழந்து ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்டவர் ஆகிய எல்லாரும் மெலிவார்கள். இவர்களுள் ஒருவரைச் சந்தியில் நிறுத்தி, "பத்து வயது குறைந்தாற்போல் இருக்கிறீர்கள், இரகசியம் என்ன?" என்று கேட்டால் அவர் என்ன விடை கூறுவார்? உண்மையைச் சொன்னால் தம் துயரத்தை நடுத்தெருவில் அவிழ்த்து வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பொய்யாக ஒரு புன்னகை செய்ய வேண்டும். இரண்டும் கொடுமை. மனைவி இறந்து மூன்று திங்கள் ஆகாத ஆசிரியர் ஒருவரை, செய்தி அறியாத பழைய நண்பர் ஒருவர் தோளில் தட்டி, "இப்போதுதான் மாப்பிள்ளை போல் இருக்கிறீர்" என்று பாராட்டியதை நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். பாராட்டியவர் நல்லவர். ஆனால் அந்த ஆசிரியர் அன்று பிற்பகல் வகுப்புக்குச் செல்லவில்லை.

புகழ்ச்சியிலும் ஒரு முள் உண்டு. "இப்போது அழகாக இருக்கிறாய்" என்றால், "முன்னர் அழகாக இல்லை" என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. வளரும் பருவத்துப் பெண்பிள்ளைகள் இதை நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள். உணவைக் குறைத்து வாடிய ஒரு சிறுமியை உறவினர் நால்வர் புகழ்ந்தால், அவள் மேலும் குறைப்பாள். பட்டினிக்குப் பரிசு கொடுத்தவர்கள் நாம் ஆவோம்.

இனி, நம் இலக்கியத்தைச் சற்று நோக்குவோம். மெலிவைப் பற்றித் தமிழர் நுணுகி ஆராய்ந்ததுபோல் வேறு யார் ஆராய்ந்தார்களோ, அறியேன். தலைவனைப் பிரிந்த தலைவியின் தோள் மெலிவதும், கைவளை கழல்வதும் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. திருவள்ளுவர் 124-ஆம் அதிகாரத்தை 'உறுப்புநலன் அழிதல்' என்று இதற்கெனவே வகுத்தார். அங்கே ஒரு குறளில், தன் தோள் மெலிந்ததைக் கண்டவர்கள் தலைவனைக் கொடியவன் என்று கூறக்கேட்டுத் தலைவி வருந்துகிறாள். மெலிவைவிட, மெலிவைக் குறித்துப் பிறர் பேசும் பேச்சே அவளுக்கு மிகுந்த நோவைத் தருகிறது. பசலையைப் பற்றிய 119-ஆம் அதிகாரத்திலோ, தான் நிறம் மாறியதைப் பற்றி ஊரார் பேசுகிறார்களேயன்றி, அதற்குக் காரணமான பிரிவைப் பற்றிப் பேசுவார் ஒருவரும் இலரே என்று அவள் ஏங்குகிறாள். உடலைக் காண்கிறார்கள், காரணத்தைக் காண்பதில்லை. இந்தக் குறை இன்றும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

அந்த இலக்கியத்திலேயே இரண்டு வகையான மனிதர்கள் இருக்கிறார்கள். ஊரார் ஒரு வகை; தோழி மற்றொரு வகை. தலைவியின் மெலிவை இருவருமே காண்கிறார்கள். ஊரார் கண்டதைத் தெருவில் பேசுகிறார்கள்; அதற்கு அலர் என்று பெயர். தோழி கண்டதைத் தலைவியிடமே, தனிமையில், அவள் மனம் அறிந்து பேசுகிறாள். பின்னர் அவளுக்காகத் தலைவனிடமும் தாயிடமும் வாதாடுகிறாள். காட்சி ஒன்றே, பயன் வேறு. நாம் தோழியாக இருக்கப்போகிறோமா, ஊராராக இருக்கப்போகிறோமா என்பதே கேள்வி.

அப்படியானால் ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாமே என்று சிலர் கூறலாம். வாய்மூடி இருப்பது எளிது. ஆனால் அது எப்போதும் அறமாகாது. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு மாதத்துக்குள் மிகவும் மெலிந்து போனான். உடன் படித்தவர்கள் அவனுக்கு 'ஓணான்' என்று பெயரிட்டுச் சிரித்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அடிக்கடி தண்ணீர்ப் பானையை நாடிச் செல்வதையும், வகுப்பிலிருந்து பலமுறை வெளியே செல்வதையும் அவர் கவனித்தார். மாலையில் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, தாகம் மிகுதியாக இருக்கிறதா? இரவில் எத்தனை முறை எழுகிறாய்?" என்று கேட்டார். மறுநாளே தந்தையை வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். இளம்பருவத்தில் வரும் நீரிழிவு அது. இன்சுலின் இன்றி உயிர் வாழ இயலாது. இன்னும் சில நாள் தாழ்த்திருந்தால் அவன் நினைவிழந்திருப்பான் என்றார் மருத்துவர். அம்மாணவர் இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தந்தை. அதே மெலிவைக் கண்டு முப்பது பேர் பெயர் வைத்தார்கள். ஒருவர் உயிர் காத்தார்.

முயற்சி ஏதும் இன்றி, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒருவரின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவரை நாட வேண்டும் என்பது மருத்துவ நூலார் கொள்கை. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு அது மூன்று கிலோ. இதை முதலில் காணக்கூடியவர்கள் வீட்டாரும் நெருங்கிய நண்பர்களுமே. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நோயாளர்க்கு மருந்தோடு உணவும் இன்றியமையாதது. அதற்கென மைய அரசு 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் அளித்து வந்தது. 2024 நவம்பரில் அதை 1000 ரூபாயாக உயர்த்தியது. சார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நோயாளரின் வீட்டார்க்கு நல்ல உணவு அளித்தால் அவர்களுக்கு அந்நோய் வருவது பெரிதும் குறைகிறது என்று காட்டியது. மருந்து உண்டு, உணவு உண்டு, உதவி உண்டு. ஆயினும், 'ஊரார் என்ன சொல்வார்களோ' என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் வாய்க்கு அஞ்சி ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லாதிருந்தால், அந்தப் பழி யாரைச் சேரும்?

ஆகையால், பேசலாம், ஆனால் பேசும் முறை அறிந்து பேச வேண்டும். முதலாவது, இடம் அறிதல். நால்வர் நடுவே எவருடைய உடலைப் பற்றியும் பேசலாகாது. சுரங்கத் தொழிலாளர்க்குக் காலமுறை மருத்துவச் சோதனை உண்டு. அங்கே எடை பார்க்கும் மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். வரிசையில் நிற்பவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதில்லை. இரண்டாவது, உறவு அறிதல். ஒருவருடைய வீட்டுக்குள் சென்று அமரும் உரிமை நமக்கு இல்லையென்றால், அவருடைய உடலைப் பற்றிக் கேட்கும் உரிமையும் இல்லை. மூன்றாவது, தீர்ப்புக் கூறாமல் வினவுதல். "இளைத்துவிட்டீர்கள்" என்பது தீர்ப்பு. "நலமாக இருக்கிறீர்களா? நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?" என்பது வினா. தீர்ப்புக்கு மறுமொழி இல்லை. வினாவுக்கோ, அவர் விரும்பினால் விரித்துச் சொல்லலாம், விரும்பாவிட்டால் "நலமே" என்று முடித்துவிடலாம். நான்காவது, கேளாமல் மருந்து சொல்லாதிருத்தல். கொள்ளுக் கஞ்சியையும் வெந்நீரையும் பற்றி நாம் சொல்லும் அனைத்தையும் அவர் நமக்கு முன்பே பத்துப் பேரிடம் கேட்டிருப்பார்.

முயன்று எடையைக் குறைத்தவர் தாமே அதைக் கூறினால், மகிழ்ச்சியோடு கேளுங்கள். அப்போதும் உடலைப் புகழாமல் உழைப்பைப் புகழுங்கள். "நாள் தவறாமல் நடந்தீர்களே, அது பெரிது" என்று சொல்லுங்கள். நாளை எடை மீண்டும் கூடினாலும் அந்தப் புகழ் அவரை வாட்டாது. விருந்தோம்பலிலும் இதே கவனம் வேண்டும். பண்ருட்டிப் பலாவின் சுவை உலகறிந்தது. எங்கள் பகுதியில் விருந்தினருக்குச் சுளை எடுத்து வைக்காத வீடு இல்லை. ஆனால் நீரிழிவுடையவர் வேண்டா என்று கைகூப்பும்போது, "ஒரு சுளைதானே!" என்று வற்புறுத்துவது அன்பாகாது. அவர் பல திங்கள் காத்த நோன்பை நம் வீட்டுத் திண்ணையில் உடைக்கச் சொல்வதாகும்.

திருவதிகையில் வாழ்பவனாதலின், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அது வருகிறது. திருநாவுக்கரசர் சமயம் மாறிச் சென்று, பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய சூலை நோயால் வருந்தி, இரவில் இவ்வூருக்கு வந்து தம் தமக்கையார் திலகவதியாரின் அடியில் விழுகிறார். அந்த அம்மையார்க்குக் கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நோயைப் பழிக்கவில்லை; பிரிந்து சென்றதைக் குத்திக் காட்டவில்லை. இறைவன் அருளை நினைந்து தம்பியை எழச்செய்து, திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அந்நூலில்தான் காரைக்கால் அம்மையார் வரலாறும் உள்ளது. தசை முழுவதையும் உதறி எலும்புருவாகச் சென்ற அவரைக் கண்டு வழியில் இருந்தோர் அஞ்சி அகன்றனர். கயிலையில் உமையம்மையும் அவ்வுருவைக் கண்டு வியந்து வினவினார். இறைவனோ அவர் தம்மைப் பேணும் அம்மை என்று விடை கூறி, அவரை அம்மையே என்று அழைத்தான். உருவத்தைப் பழித்து ஒரு சொல்லும் இல்லை. அவரை அழைத்தது உறவைச் சொல்லும் ஒரு சொல்லாலேயே. தாயும் தந்தையும் இல்லாத இறைவன் வாயிலிருந்து அச்சொல் பிறந்தது என்று பெரியோர் அதைப் போற்றுவர்.

நேயர்களே, நாளைக்கே நீங்கள் ஒருவரைச் சந்திக்கலாம். அவர் மெலிந்திருக்கலாம், பருத்திருக்கலாம். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று உறவு சொல்லி அழைப்பதற்கு நம் மொழியில் எத்தனையோ சொற்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைச் சொல்லி முதலில் அவரை அழையுங்கள். "வாருங்கள், உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். சொல்ல வேண்டியது இருந்தால், உட்கார்ந்த பின் அவரே சொல்லுவார்.