ஜான்சி ராணிப் படைக்குப் பின்: மலாயாத் தமிழ்ப் பெண்களின் இரண்டாம் போராட்டம்



போர்க்காலத்தில் பெண்களின் துணிவைப் போற்றி வரவேற்கும் சமூகம், போர் ஓய்ந்ததும் அவர்களைப் பழைய நிலைக்கே திரும்புமாறு வற்புறுத்துவது பல நாடுகளின் வரலாற்றில் காணப்படுகிறது. அதற்கு இணங்க மறுத்தவர்களுள் மலாயாத் தமிழ்ப் பெண்களும் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவில் நடந்த ஜப்பானியர் ஆட்சியில், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இருப்புப்பாதைப் பணிக்குத் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டுப் பல்லாயிரவர் மடிய, எஞ்சிய குடும்பங்கள் பலவற்றைப் பெண்களே தாங்கினர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவாகிய ஜான்சி ராணிப் படையைச் சிங்கப்பூரில் அமைத்து, மருத்துவர் லட்சுமி சுவாமிநாதனிடம் அதன் தலைமையை ஒப்படைத்தபோது, ரப்பர்ப் பால்மரம் வெட்டிய தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியின் சொல்லுக்கும் குடும்பத்து ஆண்களின் சொல்லுக்கும் கட்டுப்பட்டிருந்தவர்கள், துப்பாக்கியும் அணிவகுப்பும் செவிலியர் பணியும் பயின்றனர்.

1945-இல் படை கலைந்தபோதிலும், அப்படையில் அதிகாரியாக விளங்கிய ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், 1946-இல் உருவான மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கக் காலப் பணியில் பங்கேற்று, பிற்காலத்தில் மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். பதினாறு வயதில் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியராகி, 1960-இல் பெண்ணாசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைவதற்கு முன்னின்று, ஒரே பணி செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்னும் சம ஊதியக் கோரிக்கைக்காகப் போராடினார். லட்சுமியோ கான்பூரில் ஏழை எளியோருக்கு மருத்துவம் பார்த்ததோடு, 1981-இல் தோன்றிய அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவராகவும் திகழ்ந்தார்.

போரில் பெற்ற துணிவு, கட்சி, தொழிற்சங்கம், மாதர் அமைப்பு ஆகியவற்றில் இடம் பெற்றபோதுதான் நிலைத்தது என்பதை இவ்வாழ்க்கைகள் உணர்த்துகின்றன. கல்வியும் அத்தகைய அமைப்பும் கிட்டாமல் மீண்டும் பால்வாளி ஏந்திய தோட்டப் பெண்களோ, ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கே உழைத்தனர். அவர்கள் காட்டிய எதிர்ப்பு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஆகவே, எழுதப்படாத நினைவுகளை உரியவர் வாயால் கேட்டுப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுப் பணியை, அப்பெண்களின் மகள்களும் பேத்திகளும் நம்மிடையே வாழும்போதே தொடங்குவதும், இன்றைய பெண்கள் தலைமையேற்கும் இடங்களாகத் தம் நிர்வாகக் குழுக்களை மாற்றுவதும் தமிழ்ச் சங்கங்களின் கடமைகளாகும்.