பிள்ளை பார்க்கப் படிப்பு எதற்கு?

(வாசகசாலை ஆண்டு விழாவொன்றில் பேசியது)



இன்று நாம் பேச வேண்டிய விஷயமாகக் கொடுக்கப்பட்டிருப்பது, "கல்லூரியில் மழலைக் கல்வி படிப்பது" என்பதாகும். தலைவர் அவர்கள் இதை வாசித்தவுடனே உங்களில் சிலர் சிரித்ததை நாம் கவனித்தோம். அந்தச் சிரிப்புக்குச் சமாதானம் சொல்லுவதே நமது வேலை.

சில நாட்களுக்கு முன் நமது நண்பர் ஒருவர் மிகுந்த மனவருத்தத்துடன் நம்மிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கிய அவருடைய பெண், குழந்தை வளர்ச்சி பற்றிய படிப்பில்தான் சேருவேன் என்கிறாளாம். "ஆயா வேலைக்கு யாராவது மூன்று வருஷம் பணம் கட்டிப் படிப்பார்களா? என் தாயார் எந்தக் கல்லூரியில் படித்து ஏழு பிள்ளை பெற்று வளர்த்தார்?" என்று கேட்டார். "ஏழு பேரில் இப்போது எத்தனை பேர்?" என்றோம். "பிழைத்தது நான்கு பேர்" என்று சொல்லிவிட்டு, அவரே சற்று நேரம் பேசாமலிருந்தார்.

தோழர்களே! அவர் மனத்தைப் புண்படுத்த நாம் அதைக் கேட்கவில்லை. அந்தத் தாயாரிடம் அன்புக்கு என்ன குறைவு? குறைவாயிருந்தது அறிவு, அதுவும் அவர் குற்றமல்ல, அவருக்கு அது கிட்டாமல் செய்யப்பட்டது. அன்பு வேறு, அறிவு வேறு. அன்பிருந்தால் போதுமென்றால் வைத்தியர் எதற்கு, மருத்துவச்சி எதற்கு?

சரி, இப்படிப்பில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வீட்டிலேயே பரீட்சித்துப் பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு அகலப் பாத்திரங்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தை இரண்டும் சமம் என்று சொல்லும். பிறகு அதன் கண் முன்பாகவே ஒன்றிலுள்ள தண்ணீரை உயரமான ஒடுங்கிய டம்ளரில் ஊற்றிக் கேளுங்கள். "இதில்தான் அதிகம்" என்று டம்ளரைக் காட்டும். படிக்காத உபாத்தியாயர் "மக்கு" என்று தலையில் குட்டுவார். படித்தவரோ, அந்த வயதில் அப்படித்தான் தோன்றும், ஏறக்குறைய ஏழு வயதில் தானே தெளியும் என்று அறிந்திருப்பார். இதைக் கண்டு சொன்னவர் ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பியாஜே என்னும் அறிஞர். குட்டு வாங்கும் குழந்தைக்கும் வாங்காத குழந்தைக்கும் உள்ள வித்தியாசந்தான் இந்தப் படிப்பு.

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, நான்கு பக்கம் எழுதினால்தான் நல்ல பள்ளிக்கூடம் என்று நாமே மெச்சுகிறோம். அதன் மணிக்கட்டு எலும்பு இன்னும் முற்றவில்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்? மண் பிசைவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும், மணி கோப்பதும் விரலை எழுத்துக்குப் பழக்கும் பாடங்களாகும். நாம் அதை "வீண் விளையாட்டு" என்கிறோம்.

நிற்க, இந்த வேலையை அற்பமென்று நினைப்பவர்கள் ஒரு சரித்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் 1837இல் சிறு குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கியவர் பிரோபெல். பாட்டும், விளையாட்டும், மரக்கட்டைகளுமே அங்கு பாடம். 1851இல் பிரஷ்ய சர்க்கார் அப்பள்ளிகளையெல்லாம் தடை செய்தது. காரணம் என்ன தெரியுமா? அவை நாஸ்திகத்தைப் பரப்புகின்றனவாம்! உண்மையில் பிரோபெல் கடவுள் பக்தியுள்ளவர். 1860இல்தான் தடை நீங்கிற்று. அதற்குள் அவர் இறந்துபோனார். அற்பமான வேலையைக் கண்டு எந்த சர்க்காராவது பயப்படுமா?

ரோமாபுரியில் 1907இல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்த வந்த மாண்டிசோரி அம்மையார் ஒரு டாக்டர். நோயாளியைக் கவனிப்பது போலவே குழந்தையையும் உட்கார்ந்து கவனித்தார். கண்டதைக் கொண்டு முறை வகுத்தார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து இப்சிலாண்டி நகரில் 1962இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் 58 பேருக்கு மட்டும் பட்டம் பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு மழலைக் கல்வி கொடுத்தார்கள். நாற்பது வயது வரையில் எல்லோரையும் தொடர்ந்து பார்த்தார்கள். புத்திக் கூர்மைப் பரீட்சையில் முதலில் தெரிந்த வித்தியாசம் சில வருஷங்களில் மறைந்தது. ஆனால், படிப்பை முடித்ததிலும், சம்பாத்தியத்திலும், போலீசில் அகப்படாமலிருந்ததிலும் அந்த 58 பேர் மேலாகவே இருந்தார்கள்.

நம் நாட்டு நிலைமை என்ன? 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இன்று தேசம் முழுவதும் இருக்கிறது. ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று 2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையே எழுதுகிறது. அந்த 85 பங்கைப் பார்த்துக் கொள்ளுகிறவருக்குக் கொடுப்பது சம்பளமல்ல, "மதிப்பூதியம்"! மீதிப் பங்குக்குப் பாடம் சொல்லும் கல்லூரி ஆசிரியருக்கோ பெரிய சம்பளம். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அடிவாரம் போடும் கொத்தனாருக்குக் கால் கூலி, கலசம் வைப்பவருக்கு முழுக் கூலி என்றால் அந்தக் கட்டடம் நிற்குமா?

இந்த அநீதிக்கு மூலம் எது? "இது பெண்களுக்குப் பிறவியிலேயே வரும் வேலை" என்ற பேச்சுத்தான். பிறவியால் வந்த வேலை என்று சொல்லிவிட்டால், கூலியும் கொடுக்க வேண்டாம், மரியாதையும் கொடுக்க வேண்டாம். அந்தத் தந்திரத்தை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோமல்லவா? பிறவியில் வருவது பசியும் அழுகையுமே. மற்றதெல்லாம் கற்று வருவது. ஆதலால் ஆண்பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டுமென்கிறோம்.

"படித்தால் சம்பளம் எங்கே?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால், அதற்குப் பெண்ணின் படிப்பை நிறுத்துவது மருந்தல்ல. சம்பளத்தை உயர்த்தும்படி நாம் எல்லோரும் கேட்பதுதான் மருந்து. இன்னொன்றும் சொன்னோம். சேருமுன், அக்கல்லூரியிலேயே குழந்தைகள் பள்ளி உண்டா, மாணவர்கள் தினமும் குழந்தைகளோடு பழகுகிறார்களா என்று விசாரியுங்கள். சில வாரங்களில் சர்டிபிகேட்டு விற்கும் கடைகளில் ஏமாறாதீர்கள்.

அந்த நண்பர் இப்போது இக்கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டோம். முதலில் சிரித்தவர்களில் அவர் இல்லை என்பதை மாத்திரம் சொல்லி, நமது வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறோம்.