பிரண்டை சிராத்தத்தோடு நின்றுவிடலாமா?

(பெங்களூரு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூலிகை பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் வைத்தியனும் அல்ல, தாவர சாஸ்திரம் படித்தவனும் அல்ல. பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு கொடியிடம் நன்றாகப் பாடம் கற்றவன். அந்தக் கொடிதான் பிரண்டை.

என் தாயார் காலமான பிறகு வந்த தகப்பனாரின் சிராத்தம் அது. அதுவரை பிரண்டைத் துவையல் அம்மாவின் பொறுப்பு. அன்று நானும் என் சகதர்மிணியும் எங்களுக்குத் தெரிந்தபடி அரைத்து வைத்தோம். சாப்பிடும்போது குறை சொல்லக் கூடாது என்பதால் இலையில் உட்கார்ந்தவர்கள் வாய் திறக்கவில்லை. தாம்பூலம் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஒருவர், "மாமா, தப்பா நினைச்சுக்காதேள், நாக்கெல்லாம் நமநமங்கறது" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்தில் இருந்த அத்தைக்கு டெலிபோன் செய்தேன். அத்தை மூன்றே கேள்விகள் கேட்டாள். "இளசா பார்த்துப் போட்டியாடா? ஓரத்து நாரை உரிச்சியா? நல்லெண்ணெயில நன்னா சுருள வதக்கினியா?" மூன்றுக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான்.

காரணம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரண்டைத் தண்டில் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் உப்பு ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. கையையும் நாக்கையும் அரிக்க வைப்பது அதுதான். கொடியின் நுனியிலிருந்து மூன்று நான்கு கணுக்கள் மட்டும் எடுக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, நாரை உரித்து, பச்சை நிறம் மாறும்வரை வதக்க வேண்டும். பிறகு வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம், புளி, உப்பு சேர்த்து அரைக்கலாம். சிராத்தத்தன்று மிளகாய்க்குப் பதில் மிளகு. மற்றதெல்லாம் அவரவர் ஆத்து சம்பிரதாயம்.

சிராத்தத்தில் பிரண்டைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வசிஷ்டர் ஆத்து சிராத்தத்துக்கு விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் கறி கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததே. பாகற்காய் நூறு, பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, மேலும் எட்டுக் காய்கள் என்று கணக்கை முடித்தாளாம் அருந்ததி. அந்த முந்நூறுதான் வேலியில் கிடந்த ஒரு காட்டுக் கொடியை நம் சமையலறையில் இத்தனை தலைமுறை நிறுத்தி வைத்தது. உளுந்து அப்பள மாவில் பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கம். இப்போது அப்பளம் கடையிலிருந்து வருகிறது. மிஞ்சியிருப்பது வருஷத்தில் ஒரு நாள். அதையும் சமையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டால் அத்தையின் மூன்று கேள்விகளை யார் கேட்பார்கள்?

இனி குணம். பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடமொழியில் இதற்கு 'வஜ்ரவல்லி' என்றும், எலும்பைச் சேர்ப்பது என்ற பொருளில் 'அஸ்தி ஸம்ஹாரம்' என்றும் பெயர். ஹிந்திக்காரர்கள் 'ஹட்ஜோட்' என்கிறார்கள். காசி ஹிந்து சர்வகலாசாலையில் டாக்டர் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் 1960-களில் எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில் எலும்பு முறிவு விரைவாகக் கூடியதைக் கண்டார்கள். ஆனால் அது எலிக்கு மருந்தாகக் கொடுத்த அளவு. துவையல் சாப்பிட்டால் முறிந்த எலும்பு கூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மூல வியாதிக்கு நல்லது என்பார்கள். தாய்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், திடீரென வரும் மூலத்துக்குப் பிரண்டை கொடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்ஸலேட் காரணமாக இதைக் குறைத்துக்கொள்வதே உத்தமம். மற்றவர்களுக்கு நாக்குக்கு ருசி, வயிற்றுக்கு நார்ச்சத்து. மந்தமான நாளில் சூடான சாதத்தில் ஒரு உருண்டை துவையலும் நெய்யும் போதும்.

பெங்களூரில் "பிரண்டை" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். "மங்கரவள்ளி" என்று கேளுங்கள். கன்னடத்துக்காரர்களும் இதில் சட்னி செய்கிறார்கள். ஹைதராபாத்தில் "நல்லேறு", கேரளத்தில் "சங்ஙலம்பரண்டா".

ஒரு எச்சரிக்கை. சதுரக்கள்ளியும் பார்வைக்கு இப்படித்தான் பட்டையாக இருக்கும். ஆனால் அதற்கு முள் உண்டு, ஒடித்தால் விஷப் பால் வரும். பிரண்டையில் முள்ளும் இல்லை, பாலும் இல்லை. கணுவில் சுருள் கொடி இருக்கும். சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். சாக்கடை ஓரத்திலும் வண்டிப் புகை படியும் இடத்திலும் வளர்ந்ததைப் பறிக்காதீர்கள்.

வாங்குவதைவிட வளர்ப்பது சுலபம். இரண்டு கணுத் துண்டை ஓரிரு நாள் நிழலில் காயவைத்து, பால்கனித் தொட்டியில் நட்டு, எப்போதாவது தண்ணீர் விட்டால் போதும். அதிகத் தண்ணீர் விட்டால்தான் அழுகும்.

வெளியே மேஜையில் என் ஆத்துக் கொடியிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். நார் உரிக்கும்போது பேரக் குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா பக்கத்தில் நான் உட்காராமல் போனதற்குத்தான் அன்று தலை குனிந்தேன்.