வீடு தேடி வருகிறவரை யார் தாங்குவது?



வேம்பாரில் பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு மீனவப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். மகன்கள் கடலுக்குப் போகிறவர்கள். புரட்டிப் படுக்கவைக்க மருமகள் ஒருத்திதான்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், தீரா நோயாளிகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. மகிழ்ச்சி.

ஆனால் மாத்திரைப் பையைச் சுமந்து வெயிலில் வாசல் வாசலாக நடப்பவர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்றுகூடப் பெயரில்லை, ஊக்கத்தொகைதான்! எந்த வீட்டுத் தாத்தா ‘எனக்கு இப்போது சுகம்’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். நிறுத்தினால் பக்கவாதம் எட்டிப்பார்க்கும். கட்டுப்படியாகாமல் அவர் விலகிவிட்டால், புதிதாக வருகிறவர் இதையெல்லாம் அறிய எத்தனை மாதமாகும்?

கட்டிலும் சக்கர நாற்காலியும் வாங்கித்தர நம்மில் பலர் முன்வருகிறோம். அவற்றில் பெயர் எழுதலாம் அல்லவா? பராமரிக்கிறவர்களின் பஸ் செலவுக்கும், பயிற்சிக்கும், அவர்கள் காய்ச்சலில் படுத்தால் மாற்றாளுக்கும் கொடுக்கத்தான் கை தயங்குகிறது. இந்த ஆண்டு அதற்காகவே உங்களிடம் வந்திருக்கிறேன்.