முகம் மறந்து போறவங்க

இன்னைக்கு கொஞ்சம் சொந்தக் கதை.

போன மாசம் ஒரு கல்யாணத்துல ஒருத்தர் என் தோள்ல கை போட்டு, "எப்படிடா இருக்க?"ன்னு கேட்டார். "நல்லா இருக்கேன் சார்"னு சொன்னேன். அவர் முகம் வாடிப்போச்சு. ஹாஸ்டல்ல நாலு வருஷம் என்கூட ஒரே ரூம்ல இருந்தவன் அவன்! தாடியை எடுத்திருந்தான், மேளச் சத்தத்துல குரலும் பிடிபடல. "பெரிய ஆளாயிட்ட"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

இது தலைக்கனம் இல்லைங்க. பார்வை நல்லா இருந்தும் முகங்களை அடையாளம் காண முடியாத நிலை ஒன்று இருக்கிறது. 1947-ல் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதற்கு 'புரோசோபக்னோசியா' என்று பெயர் வைத்தார். மூளையில் அடிபட்டு வரலாம், பிறவியிலேயே இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கும் இது இருந்தது. ஒரு தாடிக்காரர் மேல இடிச்சிடப் போறோம்னு மன்னிப்புக் கேட்டிருக்கார். பார்த்தா, எதிர்ல இருந்தது கண்ணாடி!

எனக்கு இருக்கிறது அதுதானான்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா அன்னைக்கு என் தப்பு மறந்தது இல்ல, தெரிஞ்ச மாதிரி நடிச்சது. மறுநாள் போன் பண்ணி அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு நிமிஷம் திட்டினான், அப்புறம் சிரிச்சான். இப்பல்லாம் யாரைப் பார்த்தாலும், "முகம் எனக்கு நிக்காது, பேரைச் சொல்லிடுங்க"ன்னு முதல்லயே கேட்டுடுறேன்.

உங்களை யாராவது கண்டுக்காம போனா, ஒருதடவை உங்க பேரைச் சொல்லிப் பாருங்க.