யோகோஹாமாவில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜப்பான்ல நாப்பது வருஷம் யாவாரம் பண்ணியிருக்கீங்க, ரெண்டு நாட்டுக் கலாச்சார நட்பைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நாங்கள் பொங்கல் விழா நடத்தினோம், பரதநாட்டியம் ஏற்பாடு செய்தோம். வந்தவர்கள் கை தட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அதையெல்லாம் பட்டியல் போட எனக்கு விருப்பமில்லைங்க. நட்பு என்று நான் கண்டது வேறு இடத்தில்.

1979இல் நம்ம பக்கத்துக் கைத்தறிக் கட்டம் போட்ட துணியை ஒசாகாவில் விற்கப் போனேன். கோபே நகரில் குடியிருந்தேன். 'மதராஸ் செக்' என்ற பெயர் அங்கே சட்டைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மதராஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது! முதல் நான்கு வருஷமும் தகராறுதான். துணியை விளக்கு மேஜையில் விரித்து, இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடத்திலெல்லாம் சிவப்பு நூல் கட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

என்னிடம் அதிகம் வாங்கியவர் ஒரு பெரியவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "ஐயா, ஒரு தரம் வந்து தறியைப் பாருங்க" என்று 1984இல் சென்னிமலைப் பக்கம் அழைத்து வந்தேன். குழித்தறிக்கு அருகில் தரையில் உட்கார்ந்தார். அறுந்த பாவு இழையை நெசவாளர் எச்சில் தொட்டு முறுக்கிச் சேர்ப்பதை அரை மணி நேரம் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும், "இந்த முடிச்சு கை வேலையின் அடையாளம்" என்று ஒரு சீட்டு அச்சிட்டு ஒவ்வொரு சட்டையிலும் தொங்கவிட்டார். முடிச்சுக்காகத் துணி திரும்புவது அதோடு நின்றது. இதை வியாபாரத் தந்திரம் என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1995 ஜனவரி 17, காலை 5.46 மணி. கோபே நிலநடுக்கம். 6,400 பேருக்கு மேல் இறந்து போனார்கள். நகரத்துக்கு ரயில் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, எரிவாயு பல வாரம் வரவில்லை. நாங்கள் சில இந்தியக் குடும்பங்கள் சேர்ந்து சிலிண்டர் அடுப்பில் பருப்பும் சோறும் வைத்துத் தெருவில் கொடுத்தோம். பதினைந்து வருஷமாகத் தலை குனிந்து வணக்கம் மட்டும் சொல்லிவந்த எதிர்வீட்டு அம்மாள், அன்றுதான் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் வந்து நின்றார். ஒசாகாவிலிருந்து நிஷினோமியா வரைதான் ரயில். மீதித் தூரத்தை, அறுபத்தெட்டு வயதில், முதுகில் தண்ணீர் மூட்டையோடு நடந்தே வந்திருந்தார். ஒரு உறையை நீட்டினார். மார்ச் மாதம் தர வேண்டிய பில் பணம்! "உங்க கிடங்கு போயிருக்கும். அங்க நெசவாளர்களுக்குக் கூலி நிக்கக் கூடாது" என்றார். சென்னிமலையில் தறிப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் யோகோஹாமா போய் நம்மவர்கள் வைத்த தண்ணீர்ப் பந்தலைப் பார்த்தேன். துறைமுகத்தை ஒட்டி யமஷிதா பூங்கா. 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த இடிபாடுகளைக் கடலில் கொட்டி மேடாக்கிய இடம்தான் 1930இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அன்று யோகோஹாமாவில் பட்டு ஏற்றுமதி செய்துவந்த இந்திய வியாபாரிகளில் மிஞ்சியவர்கள் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்து விட்டார்கள். யோகோஹாமாக்காரர்கள் விடவில்லை. குடியிருக்கவும் கடை வைக்கவும் இடம் ஏற்பாடு செய்து திரும்ப அழைத்தார்கள். அந்த நன்றிக்காகவும், இறந்தவர்கள் நினைவாகவும் இந்திய வியாபாரிகள் கட்டிக் கொடுத்ததுதான் குவிமாடம் வைத்த அந்தக் குடிநீர் மண்டபம். அண்ணாந்து பார்த்தால் உள்கூரை முழுக்க நம்ம நாட்டுப் பாணியில் வண்ண ஓட்டு வேலை.

அவர்கள் அழைத்ததில் சுயநலம் இல்லையா என்றால், இருந்தது. பட்டு வாங்க ஆள் வேண்டும். நம்மவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். இரண்டு பேருக்கும் லாபம் இருந்ததால்தான் அந்த உறவு நிலைத்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு பட்டு வியாபாரியையும் சொல்ல வேண்டும். 1916இல் ரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் போனார். அங்கே வளர்ந்துவந்த தேசிய வெறியை மேடையிலேயே கண்டித்தார். பத்திரிகைகளின் உற்சாகம் ஆறிப்போயிற்று. அந்த வருஷம் அவரைத் தம் தோட்டத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்து உபசரித்தவர் ஹரா தோமிதாரோ என்ற யோகோஹாமாப் பட்டு வியாபாரி. 1923க்குப் பின் அந்த நகரத்தை மீட்டுக் கட்டும் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விருந்தாளியின் பேச்சு ஊருக்குக் கசந்தபோதும் கதவைச் சாத்தாத மனிதர்.

நம்ம ஊரிலிருந்து வருகிறவர்கள், ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததாமே என்று ஆசையாகக் கேட்பார்கள். பேராசிரியர் ஓனோ சுசுமு இரண்டுக்கும் உறவு உண்டென்று பல்லாண்டு எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கு நமக்கு எதற்குங்க? வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். அதனால் நாம் யோசிக்கிற வரிசையிலேயே பேசலாம். எனக்கு வாய் திறக்க ஆறே மாதம்தான் ஆயிற்று. அங்கிருந்து தகஹாஷி தகானோபு தமிழ் படித்து, திருக்குறளை ஜப்பானியத்தில் கொண்டுவந்திருக்கிறார், 1999இல்.

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிட்டு, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு கோரிக்கை. இந்தக் கல்லூரியில் மாலை நேர ஜப்பானிய மொழி வகுப்பு ஒன்று ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஆசிரியர் சம்பளம் என் பொறுப்பு. இடத்துக்கு முதல்வர் ஐயா மனசு வைக்க வேண்டும். சேர விரும்பும் மாணவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் நூலக வாசலுக்கு வாருங்கள், பெயர் எழுத நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.